பல் மருத்துவம் எதற்கு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்: கொங்கு வட்டாரத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் குமாரபாளையத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வாரத்தில் சில நாள், இந்தப் பக்கத்திலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஈரோடு, நாமக்கல், சேலம், திருப்பூர், கோவை, கரூர், தருமபுரி என்று நம் வட்டாரம் முழுக்க உங்கள் பள்ளிகளில் படித்து முடித்தவர்கள்தான் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அவர்களை இத்தனை வருடம் வளர்த்து அனுப்புகிற உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன்.

பாடத்தைத் தொடங்குமுன் முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "எதுக்குக் கண்ணு பி.டி.எஸ். எடுத்தே?" பெரும்பாலானவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொல்வது ஒன்றுதான்: "எம்.பி.பி.எஸ். கெடைக்கலீங்க மேடம்." மற்றவர்களிடமிருந்து வருகிற பதில்களும் எனக்கு இப்போது மனப்பாடம். "எங்கப்பா சொன்னாருங்க." "நைட் டூட்டி இருக்காதுன்னாங்க." "சொந்தமா கிளினிக் வெச்சுக்கலாமுங்க." "பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமுங்களே." "எங்க மாமா பல் டாக்டருங்க, அவருக்கப்புறம் கிளினிக்கைப் பார்த்துக்க ஆளில்லீங்க." அபூர்வமாக ஒரு பிள்ளை, "எனக்கு இந்த வேலை புடிச்சிருக்குதுங்க மேடம்" என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லும்.

இந்தப் பதில்களில் எதையும் நான் மட்டமாக நினைப்பதில்லை. அப்பாவும் அம்மாவும் விசைத்தறிப் பட்டறையில் மாறி மாறி ராத்திரி ஷிப்ட் பார்த்த வீட்டிலிருந்து வருகிற பெண், ராத்திரி வேலை இல்லாத தொழிலாகப் பார்த்து எடுத்தால் அதில் என்ன குறை? ஒருவரிடம் கைகட்டி நிற்காமல் சொந்தக் கால் ஊன்ற வேண்டும் என்பது நம் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. இரண்டு தறி போட்டுத் தொடங்கியவர்களும், போர்வெல் போடுகிற ஒரு ரிக் வண்டியோடு ஆரம்பித்தவர்களும், பத்துக் கோழிக் கூண்டில் தொடங்கிப் பண்ணை வைத்தவர்களும் நிறைந்த ஊர் இது. அவர்கள் பிள்ளைக்குச் சொந்தக் கிளினிக் ஆசை வருவது இயல்பு. உலகத்தில் பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒழுங்கான வேலை நேரம், சுதந்திரமான தொழில், சமூகத்தில் மதிப்பு, கையால் செய்கிற வேலை, பிறருக்கு உதவும் விருப்பம் என்று ஏறக்குறைய இதே காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

என்னை உறுத்துவது அந்தத் தலைகுனிவு. பதினெட்டு வயதுகூட நிறையாத பிள்ளை, ஐந்து வருடப் படிப்பின் முதல் நாளே தோற்றுப்போனவரைப் போல வந்து உட்காருகிறது. அது கல்லூரியில் கற்றுக்கொண்டதல்ல. முடிவு வெளியானதும் பேருந்து நிலையத்துக்கு எதிரே பள்ளிகள் கட்டுகிற ஃபிளக்ஸ் பேனரைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களின் படம் ஆளுயரத்துக்கு இருக்கும். பி.டி.எஸ். சேர்ந்த பிள்ளையின் படம் கீழே ஓரத்தில் தபால்தலை அளவில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அந்தப் பிள்ளையும் அதே பேருந்து நிலையத்தில்தான் பஸ் ஏறுகிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கம் விடுதிப் பள்ளிகள் பெயரெடுத்த காலத்திலிருந்தே இது நடக்கிறது. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், 2017 முதல் நீட். தேர்வு மாறியது, பேனர் மாறவில்லை.

சேர்க்கை நடக்கிற விதமும் இந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் ஒரே நீட், ஒரே தரவரிசைப் பட்டியல், ஒரே கலந்தாய்வு. மேலே இருப்பவர்கள் மருத்துவ இடங்களை எடுத்து முடித்த பிறகு மீதி வருகிறவர்களுக்குப் பல் மருத்துவம் என்று அதுவாகவே வரிசை அமைந்துவிடுகிறது. இதில் ஒரு பிள்ளைக்குப் பல் மருத்துவம் பிடிக்குமா, பொருந்துமா என்ற கேள்வி எந்த இடத்திலும் எழுவதில்லை. கணினித் திரையில் இருக்கிற இடத்தை எடுப்பதற்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அப்பா ஒரு பக்கம், ஆலோசனை சொல்கிற பிரவுசிங் சென்டர்க்காரர் ஒரு பக்கம். முடிவு அங்கே ஆகிவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க நேரமும் உரிமையும் உள்ள ஒரே இடம் உங்கள் பள்ளி. அதனால்தான் தேர்வுக் குழுவுக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத காரணங்கள் சில இருக்கின்றன. அவற்றை நான் சொல்கிறேன், நீங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.

முதலாவது, கை. பல் மருத்துவம் மூளையால் படித்துக் கையால் செய்கிற தொழில். முதலாண்டிலேயே பிள்ளைகள் கையில் ஒரு மெழுகுக் கட்டியையும் சிறு கத்தியையும் கொடுத்துப் பல்லைச் செதுக்கச் சொல்வோம். மேல் நடுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று ஒவ்வொன்றாக, அளவு மாறாமல், மேடு எங்கே பள்ளம் எங்கே என்று பார்த்துச் செதுக்க வேண்டும். நீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை அங்கே திணறுவதுண்டு. பட்டியலின் கடைசியில் வந்த பிள்ளை ஒரே வாரத்தில் அச்சு அசலாகக் கடைவாய்ப்பல்லைச் செதுக்கி என் மேசையில் வைப்பதுமுண்டு. அப்படி ஒரு பையன், சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை. சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கண்ணி கோத்த கை அது. "இதெல்லாம் எங்க வீட்டு வேலை மாதிரியேதானுங்க மேடம் இருக்குது" என்றான். உண்மைதான். பல்லுக்குப் போடுகிற உலோக உறையை மெழுகில் செய்து, மேலே மாவுப் பூச்சுக் கொடுத்து, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்தக் குழிவில் உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்க்கும் முறையை 1907-இல் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நகைத் தொழிலிலும் சிலை வார்ப்பிலும் காலங்காலமாக இருந்துவந்த அதே முறை. அந்தப் பையனின் குடும்பத் தொழிலும் அவன் எடுத்த படிப்பும் ஒரே வேரில் வந்தவை என்று பள்ளியில் யாராவது ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தால், "மார்க் பத்தலீங்க" என்று தலைகுனிந்து வந்திருக்க மாட்டான்.

உங்கள் வகுப்பிலும் அந்தக் கைகள் இருக்கின்றன. உயிரியல் ஆய்வகத்தில் வெங்காயத் தோலைக் கிழிக்காமல் உரித்துக் கண்ணாடித் தகட்டில் விரிக்கிற பெண். படம் வரையச் சொன்னால் நிழல் தட்டி வரைகிற பையன். பழுதான மின்விசிறியைக் கழற்றித் திருப்பி மாட்டிவிடுகிறவன். அம்மாவுடன் உட்கார்ந்து ஆரி வேலை செய்கிற பெண். மதிப்பெண் பட்டியல் இவர்களை அடையாளம் காட்டாது. உங்கள் கண் காட்டும். வாய்க்குள் வேலை செய்வது என்பது இரண்டு விரல் நுழையும் இடத்தில், எச்சில் ஊறிக்கொண்டே இருக்க, நாக்கு அசைந்துகொண்டே இருக்க, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் முனையை முடியளவு நகர்த்துவது. அந்த வேலையில் சுகம் காண்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொழில் எனக்குத் தெரியவில்லை. அதில் சுகம் காணாத பிள்ளைக்கு இது தண்டனை.

இரண்டாவது, நம் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் சேலத்தின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தண்ணீரைப் பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை குடிக்கிற குழந்தைக்கு, எகிறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் எனாமல் சரியாகக் கெட்டிப்படுவதில்லை. பல் முளைத்து வெளியே வரும்போதே சுண்ணாம்புத் திட்டோடும் பழுப்புக் கறையோடும் வருகிறது. எத்தனை முறை துலக்கினாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. இன்னும் அதிகமாக, நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகின்றன. இந்தக் கொடுமையைக் குறைக்கத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டபின் காவிரித் தண்ணீர் அந்த ஊர்களுக்குப் போகிறது. ஆனாலும் போர்வெல் தண்ணீரை விட்டுவிடாத வீடுகள் இருக்கின்றன. ஏற்கெனவே கறைபட்ட பற்களோடு வளர்ந்துவிட்ட ஒரு தலைமுறையும் இருக்கிறது.

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "எங்கூர்ல பாதிப் பேருக்குப் பல்லு இப்பிடித்தானுங்க மேடம். பொண்ணு பாக்க வர்றவங்க பல்லைத்தான் மொதல்ல பாக்கறாங்க. எங்க அக்காளுக்கு ரெண்டு எடம் தட்டிப்போச்சுங்க. இது எதனால வருது, எப்படிச் சரிபண்றதுன்னு தெரிஞ்சுக்கோணும்னுதானுங்க வந்தேன்" என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவளுக்கு அன்று நான் ஒரு கதை சொன்னேன். கதையென்றாலும் நடந்தது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கிளினிக் திறந்தார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் பல்லில் எல்லாம் பழுப்புக் கறை. எந்தப் புத்தகத்திலும் விளக்கமில்லை. முப்பது வருடம் விடாமல் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார், பல்லைச் சோதித்தார், தண்ணீர்மேல் சந்தேகப்பட்டார். 1931-இல் ஒரு வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்துக் காரணம் ஃபுளோரைடு என்று கண்டுபிடித்தார். அந்தக் கறைபட்ட பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் மெக்கே முன்பே கவனித்து வைத்திருந்தார். அதன் தொடர்ச்சியாகத்தான், சரியான சிறு அளவில் ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கும் என்ற அறிவு உலகத்துக்குக் கிடைத்தது. இன்று நாம் வாங்குகிற பற்பசைக் குழாயில் அந்தப் பெயர் அச்சாகியிருப்பதற்கு ஒரு சிற்றூர்ப் பல் டாக்டரின் விடாப்பிடியும் காரணம்.

பென்னாகரத்துப் பெண் சொன்னது ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட வலுவான காரணத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. நல்லம்பள்ளியிலும் ஏரியூரிலும் காரிமங்கலத்திலும் பள்ளி நடத்துகிற ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளின் பற்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று வேதியியல் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஆலசன்களில் முதல் தனிமத்தைப் பற்றிய பாடம் அவர்கள் வாயிலேயே இருக்கிறது.

மூன்றாவது, புகையிலை. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், சங்ககிரி என்று எங்கள் பகுதி முழுக்கத் தறிச் சத்தம். ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க ஒரு சிட்டிகையைக் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கிவைக்கிற பழக்கம் ஆண்களிடமும் பெண்களிடமும் இருக்கிறது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. பழக்கத்துக்குத் தடை இல்லை. ஒதுக்கிவைத்த இடத்தில் முதலில் ஒரு வெள்ளைத் திட்டு வரும். வலிக்காது. வலிக்காததால் யாரும் வர மாட்டார்கள். பாக்கையே மென்றுகொண்டிருப்பவர்களுக்குக் கன்னத்துச் சதை இறுகி, வாய் திறக்கிற அளவு குறைந்துகொண்டே போகும். களி உருண்டை உள்ளே போகவில்லை என்று வருவார்கள். இந்திய ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. அதை வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் உயிர் மிஞ்சும். யார் பார்ப்பார்கள்? காய்ச்சலுக்குப் போகிற டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். கன்னத்தை விரித்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து அடியில் பார்ப்பது பல் டாக்டர். சொத்தைப் பல்லைப் பிடுங்க வந்தவர் வாயில் அந்தத் திட்டைப் பார்த்து, கோவைக்கோ சேலத்துக்கோ எழுதி அனுப்பி, அவர் பிழைத்து வந்து மறுபடி தறி ஓட்டுகிறார் என்றால், அந்தப் பல் டாக்டர் எந்த டாக்டருக்குக் குறைந்தவர்? சர்க்கரை நோய் இருப்பதே தெரியாதவர்கள் எகிறு வீங்கிச் சீழ் வைத்து எங்களிடம் வந்து, நாங்கள் ரத்தம் சோதிக்கச் சொல்லி அறிந்துகொள்வதும் அடிக்கடி நடக்கிறது. வாய்நோய்கள் உலகத்தில் சுமார் 350 கோடிப் பேரைப் பாதிக்கின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. ஏறத்தாழ மனித குலத்தில் பாதி.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கசப்பான பக்கத்தை மறைத்தால் நான் நேர்மையானவள் ஆக மாட்டேன்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வருடத்துக்கு 26,000-க்கும் மேல் இடங்கள். படித்து வெளியே வருகிறவர்களில் பெரும்பகுதி நகரத்திலேயே தங்குகிறார்கள். கோவையில் சில தெருக்களில் நடந்தால் இரண்டு கடைக்கு ஒரு பல் கிளினிக். அங்கே புதிதாகச் சேர்கிற பட்டதாரிக்குக் கொடுக்கிற சம்பளம், சில இடங்களில் திருப்பூர் பனியன் கம்பெனியில் அனுபவமுள்ள டெய்லர் வாங்குவதைவிடக் குறைவு. சொந்தக் கிளினிக் என்றால் நாற்காலி, கம்பிரசர், எக்ஸ்ரே, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ், இடத்துக்கு அட்வான்ஸ் என்று வங்கிக் கடன் வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் பொறுமை வேண்டும். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எப்போது அறிவிப்பு விடும் என்று காத்திருக்க வேண்டும். பணியிடங்களும் குறைவு. நான்கு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்து, அதற்குமேல் எம்.டி.எஸ். படிக்க இன்னும் மூன்று வருடம், அதற்கு இன்னொரு நீட். குனிந்தே வேலை செய்வதால் கழுத்தும் இடுப்பும் முப்பது வயதிலேயே பேச ஆரம்பிக்கும். ராத்திரி வேலை இல்லை என்பது உண்மை. நிற்க நேரமில்லாத பகல் உண்டு என்பதும் உண்மை. "சும்மா பல்லைப் பிடுங்கற வேலைதானே, டென்ஷன் இல்லை" என்று யாராவது பிள்ளையிடம் சொன்னால் தயவுசெய்து நம்ப விடாதீர்கள்.

பெற்றோர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும். நிலத்தை அடமானம் வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு, "அஞ்சு வருசத்துல வட்டியோட எடுத்துரலாம்" என்று கணக்குப் போடுகிற அப்பாக்களைப் பார்க்கிறேன். அந்தக் கணக்கு பிள்ளையின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. கடனைக் கட்ட வேண்டுமென்ற அவசரத்தில் தொடங்குகிற கிளினிக்கில், காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றாமல் விடுகிற ஆசையும், தேவையில்லாத உறையைப் போடுகிற ஆசையும் வரும். ஒரு மருத்துவரின் நேர்மை அவருடைய சேர்க்கைக் கட்டணத்தோடு கட்டுப்பட்டுக் கிடக்கக் கூடாது.

இதற்கு ஒரு வழி இருப்பதை உங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நன்றாக அறிவீர்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அது பல் மருத்துவத்துக்கும் உண்டு. அப்படிச் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும். எம்.பி.பி.எஸ். மட்டுமே இந்த ஒதுக்கீட்டில் பேசப்படுவதால், பல் மருத்துவ இடம் கிடைத்தும் "அது வேண்டாம், அடுத்த வருசம் மறுபடி எழுதிக்கலாம்" என்று விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுபடி எழுதுவது அவர்கள் உரிமை. ஆனால் விட்டது என்னவென்று தெரிந்து விட வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. நம் வட்டாரத்தில் தனியார் கல்லூரிகள்தான். தருமபுரியில் ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை வேறொரு மடலில் அரசிடம் கேட்கிறேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். "நல்ல எடம் அமையும்" என்பதற்காகவே பல வீடுகளில் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமைந்த பிறகு, பட்டச் சான்றிதழ் பீரோவில் துணிக்கு அடியில் போய்விடுகிறது. மெழுகில் அத்தனை அழகாகப் பல் செதுக்கிய கைகள் வருடக்கணக்காகக் கருவியைத் தொடாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்களிடமும் அமுச்சிகளிடமும் நீங்கள் சொல்லுங்கள்: வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி போட்டுக்கூட நடத்த முடிகிற மருத்துவம் இது. கல்யாணத்துக்கு அப்புறம் நின்றுபோக வேண்டிய அவசியமே இல்லாத தொழில்.

இனி நான் கேட்பது.

'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளிலும் உங்கள் பள்ளி வழிகாட்டிக் கூட்டங்களிலும் பல் மருத்துவத்தை எம்.பி.பி.எஸ்.-க்குக் கீழே ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தனியாக அரை மணி நேரம் கொடுங்கள். உங்கள் ஊரிலேயே பல் மருத்துவர் இருப்பார், கூப்பிட்டால் வருவார். வராவிட்டால் எங்களில் யாரையாவது கூப்பிடுங்கள். பவர் பாயிண்ட் வேண்டாம். ஒரு பெட்டி மெழுகுக் கட்டியும் சில சிறு கத்திகளும் கொண்டுவருகிறோம். பிள்ளைகள் ஒரு பல்லைச் செதுக்கிப் பார்க்கட்டும். அந்த அரை மணி நேரத்தில் யார் முகம் மலர்கிறது, யார் எப்போது மணியடிக்கும் என்று பார்க்கிறார்கள் என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஆர்வமுள்ளவர்களை ஒரு கிளினிக்கில் ஒரு காலை முழுதும் ஓரமாக நிற்க விடுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, எச்சில் அருவருப்பா, பயந்து அலறுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தப் பிடிக்குமா என்பதெல்லாம் நீட் வினாத்தாளில் தெரியாது. அங்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை தெரிந்துகொண்டு போனாலும் அது நல்லதுதான். ஐந்து வருடமும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் மிச்சம்.

எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் வருகிறவர்கள் வரட்டும். அவர்களில் மிகச் சிறந்த பல் மருத்துவர்கள் ஆனவர்களை நான் அறிவேன். அடிப்படைக் காரணம் எதுவாகவும் இருக்கலாம், வந்த பிறகு இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவது காரணத்தை ஒரு வருடம் முன்னாடியே அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பேனர் கட்டுவதானால் எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்கட்டும்.

எங்கள் கிளினிக்கில் திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் இரண்டு பிள்ளைகள் நின்று பார்க்க இடம் உண்டு. முகக்கவசமும் மேலங்கியும் நாங்களே தருகிறோம். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதமும், பள்ளி அடையாள அட்டையும் இருந்தால் போதும். வருகிறவர்களிடம் நான் கேட்கப் போகும் கேள்வி அதேதான். பதில் தெரியாமல் வந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
குமாரபாளையத்துப் பல் மருத்துவர் ஒருவர்